பழைய டிவி, ஸ்டீரியோ ரிசீவர், டிஸ்க் பிளேயர்: எந்த வழியில் இணைப்பது?

சிடி, டிவிடி ஓட்டும் டிஸ்க் பிளேயர் ஒன்று கைக்கு வந்துவிட்டது. பாட்டுக் கேட்க, ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் நல்ல ஸ்டீரியோ ரிசீவர் ஏற்கெனவே இருக்கிறது. டிவிதான் பழசு, ஆனால் படம் நன்றாகத் தெரிகிறது, தூக்கிப்போட மனமில்லை. இந்த நிலையில் பலரும் முதலில் கேபிள் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் மூன்று பெட்டிகளையும் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னே இழுத்து, பின்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வழி சரிவரும் என்பது அந்த மூன்று படங்களில்தான் இருக்கிறது. பிளேயர் எவ்வளவு உயர்ந்தது, ரிசீவர் எத்தனை வாட் என்பதெல்லாம் இந்த முடிவுக்குப் பெரிதாக உதவாது.

வழிகள் மூன்று. படம், ஒலி இரண்டையும் டிவிக்குக் கொடுத்து, டிவியின் ஆடியோ அவுட்டிலிருந்து ஒலியை ரிசீவருக்குக் கொண்டுவருவது ஒன்று. படத்தை நேரே டிவிக்கும் ஒலியை நேரே ரிசீவருக்கும் பிரித்து அனுப்புவது இன்னொன்று. எல்லாவற்றையும் ரிசீவரில் செருகிவிட்டு, அங்கிருந்து படத்தை மட்டும் டிவிக்குக் கொண்டுபோவது மூன்றாவது. என் ஓட்டு நடுவில் உள்ளதற்கு. ஆனால் அது தோற்கும் இடமும் ஒன்று உண்டு. படத்தையும் ஒலியையும் ஒரே டிஜிட்டல் கேபிளில் அனுப்பும் எச்டிஎம்ஐ சாக்கெட் மட்டுமே உள்ள புதிய பிளேயர் என்றால் அது தனிக் கதை. அதைப் பிறகு பார்ப்போம்.

டிவி வழியாக ஒலி

மேலோட்டமாகப் பார்த்தால் இதுதான் சுலபம். மஞ்சள் (படம்), வெள்ளை, சிவப்பு (இடது, வலது ஒலி) என்று மூன்று முனை உள்ள ஏவி கேபிளைப் பிளேயரிலிருந்து டிவிக்கும், ஓர் ஒலிக் கேபிளை டிவியிலிருந்து ரிசீவருக்கும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. டிவியில் எதைப் பார்த்தாலும், அது டிஸ்க்காக இருந்தாலும் சேனலாக இருந்தாலும், அதன் ஒலி ரிசீவருக்கு வந்துவிடும். ரிசீவரில் ஒரே ஒரு இன்புட்டைத் தேர்ந்தெடுத்து வைத்தால் போதும்.

சிக்கல்கள் பின்னால் வரும். முதலில், டிவியில் ஆடியோ அவுட் இருக்க வேண்டும். சின்ன டிவிகள் பலவற்றில் உள்ளே போகும் சாக்கெட்டுகள் மட்டுமே இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் டிவி என்றால் அதிலிருந்து வெளியே வருவதும் ஒற்றை ஒலிதான். ஸ்டீரியோ ரிசீவர் இருந்தும் பயனில்லை. இதையெல்லாம் தாண்டினாலும் ஒரு குறை மிச்சமிருக்கும்: சிடி போட்டுப் பாட்டுக் கேட்கக்கூட டிவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டீரியோ வைத்திருப்பதே பாட்டுக்காகத்தான் என்பவருக்கு இது ஒத்துவராது.

இந்த வழியில்தான் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். சில டிவிகளில் ஆடியோ அவுட் நிலையான அளவில் வரும். சிலவற்றில் டிவி ரிமோட்டால் கூட்டிக் குறைக்க முடியும். இரண்டில் எதை வேண்டுமானாலும் மெனுவில் தேர்ந்தெடுக்க விடும் டிவிகளும் உண்டு. கூட்டிக் குறைக்கும் வகை என்றால், ரிசீவரின் வால்யூமை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு டிவி ரிமோட்டையே பயன்படுத்தலாம். வீட்டில் எல்லாருக்கும் அது வசதி.

பிரித்து அனுப்புவது

பிளேயரின் வெள்ளையும் சிவப்பும் ரிசீவருக்கு. மஞ்சளோ அதைவிட நல்லது எது இருக்கிறதோ அது டிவிக்கு. அவ்வளவுதான். ஒலி டிவியின் உள்ளே நுழைந்து வெளியே வர வேண்டியதில்லை. டிவியை அணைத்துவிட்டுச் சிடி கேட்கலாம். டிவி மோனோவாக, அதாவது ஒற்றை ஒலியாக, இருந்தாலும் கவலையில்லை. அதன் ஸ்பீக்கரை நாம் தொடப்போவதே இல்லை.

இதில் எல்லாரும் தடுமாறும் இடம் ரிசீவரின் பின்பக்கம். பழைய ரிசீவரில் டிவிடி என்று எழுதியிருக்காது. டிவிடி 1996-ல்தான் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, அதற்கு முன்னால் செய்த பெட்டியில் அந்தப் பெயரை எதிர்பார்க்க முடியாது. பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆக்ஸ், சிடி, டியூனர், விசிஆர் (வீடியோ கேசட் பெட்டி), டேப் இன் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரியான இன்புட்டுகள்தான். எதில் செருகினாலும் ஒலி வரும். டேப்புக்கு மட்டும் இரண்டு ஜோடி சாக்கெட் இருக்கும். பிளே அல்லது இன் என்று எழுதியிருப்பதில் செருகுங்கள். ரெக் அல்லது அவுட் என்பது ரிசீவரிலிருந்து வெளியே போகும் வழி. அதில் செருகிவிட்டு ஒலி வரவில்லை என்று தேடுபவர்கள் நிறைய.

தொடவே கூடாதது ஃபோனோ. அது இசைத்தட்டுச் சுழலிக்காக வைத்தது. அதன் ஊசி தரும் மின்னழுத்தம் வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அதனால் ஃபோனோ இன்புட் வருவதைப் பல மடங்கு பெருக்கும். இசைத்தட்டில் குறைத்துப் பதிவான பேஸை (அடித்தள ஒலியை) மறுபடி தூக்கியும் விடும். டிஸ்க் பிளேயரோ உச்சத்தில் சுமார் 2 வோல்ட் தருவது. இரண்டையும் சேர்த்தால் பேஸ் பொங்கி, குரல் கிழிந்து, ஸ்பீக்கருக்கே ஆபத்தாகிவிடும். வேறு எல்லா இன்புட்டும் நிரம்பிவிட்டது, இது ஒன்றுதான் காலி என்று நினைப்பு வந்தால், இருப்பதில் ஒன்றைக் கழற்றிவிடுங்கள், ஃபோனோவை விட்டுவிடுங்கள்.

இன்னொரு குழி பிளேயரின் பக்கம் இருக்கிறது. நானே விழுந்திருக்கிறேன். சில பிளேயர்களில் இரண்டு சாக்கெட்டுக்குப் பதில் ஆறு அல்லது எட்டு ஆடியோ சாக்கெட்டுகள் வரிசையாக இருக்கும். 5.1 ஒலிக்காக முன் இடது, முன் வலது, நடு, பின் இரண்டு, சப்வூஃபர். எனக்கு ஸ்டீரியோ போதும், முன் இடது, முன் வலதைச் செருகினால் சரியாகிவிடும் என்று செருகினேன். படம் ஓடியது. மழை பெய்தது, கதவு சாத்தியது, பின்னணி இசை அறையை நிறைத்தது. ஆனால் யார் பேசினாலும் வாய் மட்டும் அசைந்தது. குரல் எங்கோ பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் லேசாகக் கேட்டது. தட்டுதான் கெட்டுவிட்டது என்று இன்னொன்றைப் போட்டேன், அதிலும் அப்படியே. சினிமா ஒலியில் வசனத்தின் பெரும்பங்கு நடுச் சேனலில் இருக்கும். அந்தச் சாக்கெட்டில்தான் நான் எதையும் செருகவில்லையே! தீர்வு எளிது. டூ சேனல், ஸ்டீரியோ அல்லது மிக்ஸ்டு என்று தனியாக ஒரு ஜோடி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் மெனுவில் ஸ்பீக்கர் அமைப்பை இரண்டு சேனலாக மாற்ற வேண்டும். அப்போது நடுச் சேனலின் வசனத்தைப் பிளேயரே இரு பக்கமும் பிரித்துக் கலந்துவிடும்.

படத்துக்கு எந்தக் கேபிள்? மூன்று தரம் உண்டு. மஞ்சள் ஒற்றைக் கேபிளில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து போகும். டிவி அவற்றை மறுபடி பிரிக்கும்போது கொஞ்சம் குழம்பும்; நெருக்கமாகக் கோடு போட்ட சட்டை திரையில் வந்தால், சட்டையில் இல்லாத வானவில் நிறங்கள் அதில் நெளியும். எஸ்-வீடியோ என்னும் நாலு ஊசி வட்டக் கேபிளில் வெளிச்சமும் நிறமும் தனித்தனி வழியில் போகும். அந்த நெளிவு போய்விடும். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்றாக வரும் கம்போனென்ட் நிறத்தையும் இரண்டாகப் பிரித்துக் கொண்டுபோகும். மூன்றில் அதுவே மேல். ஐரோப்பிய டிவியாக இருந்தால் 21 ஊசி கொண்ட ஸ்கார்ட் சாக்கெட்டும் இருக்கலாம். மஞ்சளிலிருந்து எஸ்-வீடியோவுக்கு மாறினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து கம்போனென்டுக்கு மாறுவதில் சின்னப் படக்குழாய் டிவியில் பெரிய லாபம் இல்லை. எஸ்-வீடியோ கேபிள் கையில் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

கம்போனென்ட் போட்டால் பிளேயரில் இரண்டு சிவப்பு ஆகிவிடும், ஒன்று படம், ஒன்று ஒலி. மாற்றிச் செருகினால் நிறம் வினோதமாகி, வலது ஸ்பீக்கரில் உர்ரென்று ஓர் ஓசை வரும். படம் கறுப்பு வெள்ளையாக மட்டும் தெரிந்தால் பச்சை மட்டும் சரியாக உட்கார்ந்திருக்கிறது, நீலமும் சிவப்பும் கழன்றுவிட்டன என்று அர்த்தம். மஞ்சள் முனையைப் பச்சைச் சாக்கெட்டில் செருகினாலும் இதே கறுப்பு வெள்ளைதான்.

ஆன்டெனா சாக்கெட் மட்டுமே உள்ள டிவி என்றால் நடுவில் ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். அதில் வரும் படம் சுமார்தான், ஒலியும் பெரும்பாலும் மோனோ. ஆனால் நம் ஒலி ரிசீவருக்குப் போகிறதே. பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மாடுலேட்டருக்குப் பதிலாகப் பழைய விசிஆர் வழியாக அனுப்பிப் பார்க்காதீர்கள். பல டிவிடிகளில் நகலெடுப்பதைத் தடுக்கும் மேக்ரோவிஷன் குறியீடு உண்டு; விசிஆர் அதில் சிக்கிப் படத்தை மாற்றி மாற்றிப் பளிச்சென்றும் மங்கலாகவும் காட்டும்.

இந்த வழியின் ஒரே நடைமுறைத் தொல்லை, எப்போது படம் பார்த்தாலும் ரிசீவரையும் போட வேண்டும் என்பது. குழந்தைகள் கார்ட்டூன் பார்ப்பதற்கு அது தேவையா? பிளேயரில் இரண்டு ஜோடி ஆடியோ அவுட் இருந்தால் ஒன்றை டிவிக்கும் கொடுத்துவிடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஒய் கேபிளால் இரண்டாகப் பிரிக்கலாம். ஓர் அவுட்டை இரண்டு இன்புட்டுக்குப் பிரிப்பதில் தவறில்லை. தலைகீழாக, இரண்டு அவுட்டை ஒன்றாக முடிச்சுப்போடுவதுதான் கூடாது.

சரி, இது தோற்கும் இடம் எது? டிவி பழையது என்றாலும் படக்குழாய் இல்லாமல் ஆரம்பகாலத் தட்டை டிவியாக இருந்தால். படக்குழாய் டிவி வந்த படத்தை அப்படியே காட்டிவிடும். தட்டை டிவி படத்தை உள்ளே வாங்கி, அளவு மாற்றி, மெருகேற்றித்தான் காட்டும். அதில் கொஞ்சம் தாமதம் ஆகும். நேரே ரிசீவருக்குப் போன ஒலி முந்திக்கொள்ளும். உதடு அசைவதற்கு முன் வார்த்தை விழும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் படம் முழுக்க அதையேதான் பார்ப்போம். பிளேயரில் ஆடியோ டிலே என்ற அமைப்பு இருந்தால் சரிசெய்யலாம். இல்லையென்றால் முதல் வழிக்கே போய்விடுங்கள். டிவி படத்தைத் தாமதிக்கும்போது தன் ஒலியையும் பெரும்பாலும் சேர்த்தே தாமதித்து அனுப்பும்.

எல்லாம் ரிசீவர் வழியாக

ரிசீவரில் மஞ்சள் சாக்கெட்டுகளும், டிவிக்குப் படம் போகும் மானிட்டர் அவுட்டும் இருந்தால் மட்டும் இந்தப் பேச்சு. வெறும் ஸ்டீரியோ ரிசீவர்கள் பலவற்றில் இருக்காது. இருந்தால், ரிசீவரில் ஒரு பொத்தானை அழுத்தியதும் படமும் ஒலியும் சேர்ந்தே மாறும். பிளேயர், விசிஆர், கேம் பெட்டி என்று நாலைந்தை ஒரே டிவியில் ஓட்டுபவருக்கு இது வரம், அதுவும் டிவியில் ஒரே ஒரு ஏவி இன்புட் இருந்தால்.

ஒற்றைப் பிளேயருக்கு இது தேவையில்லாத சுற்று. பழைய ரிசீவர்கள் பெரும்பாலும் படத்தின் வகையை மாற்றித் தராது; எஸ்-வீடியோவாக உள்ளே போனது எஸ்-வீடியோவாகத்தான் வெளியே வரும். பிளேயரிலிருந்து எஸ்-வீடியோ, டிவிக்கு மஞ்சள் என்று கலந்து போட்டுவிட்டுத் திரை ஏன் கறுப்பாக இருக்கிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

ஒலிக்கு அனலாகா, டிஜிட்டலா?

பிளேயரின் பின்னால் ஆரஞ்சு நிறக் கோ-ஆக்சியல் சாக்கெட்டோ, சின்ன மூடி போட்ட ஆப்டிக்கல் சாக்கெட்டோ இருக்கும். பழைய ஸ்டீரியோ ரிசீவரில் அதற்கு எதிர்ச் சாக்கெட் இருக்காது. அப்போது கேள்வியே இல்லை, வெள்ளையும் சிவப்பும்தான். நடுவில் டிஜிட்டலை அனலாகாக மாற்றும் டிஏசி பெட்டி வாங்கலாமா என்றால், பிளேயரில் அனலாக் அவுட் இருக்கும்வரை வாங்க மாட்டேன். சாதாரண அறையில் சாதாரண ஸ்பீக்கரில் அந்த வித்தியாசத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடிப்பது கஷ்டம்.

ரிசீவரிலும் டிஜிட்டல் இன்புட் இருந்தால், அதற்குத் தெரிந்த மொழியில் பிளேயர் பேச வேண்டும். இரண்டு சேனல் பெட்டிகள் பலவற்றுக்குப் பிசிஎம், அதாவது சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி, மட்டுமே புரியும். பிளேயர் மெனுவில் டிஜிட்டல் அவுட் பிட்ஸ்ட்ரீம் என்று இருந்தால், டிவிடியில் சுருக்கிப் பதிந்த டால்பி ஒலி விரிக்காத குறியீடாகவே வரும். ரிசீவர் மௌனமாக இருக்கும், அல்லது சரசரவென்று இரையும். சிடி நன்றாகப் பாடுகிறது, டிவிடி மட்டும் ஊமை என்றால் காரணம் அநேகமாக இதுதான். பிசிஎம் என்று மாற்றுங்கள். டால்பி போன்ற இன்னொரு ஒலிமுறையான டிடிஎஸ் ஒலித்தடத்தை விரித்துப் படிக்கத் தெரியாத பிளேயர்களும் உண்டு. அங்கே டிஸ்க் மெனுவில் டால்பி அல்லது ஸ்டீரியோ தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எஸ்ஏசிடி என்னும் உயர்தர இசைத் தட்டு வைத்திருப்பவருக்கு அனலாக்தான் சரி. அதன் உயர்தர ஒலி கோ-ஆக்சியல், ஆப்டிக்கல் வழியாக வெளியே வராது.

ஆப்டிக்கல் உண்மையில் கைகொடுப்பது இன்னோர் இடத்தில். எல்லாம் இணைத்த பிறகு ஸ்பீக்கரில் விடாமல் ஓர் உறுமல் கேட்டால், பெட்டிகளுக்கு இடையே தரை இணைப்பில் மின்சாரம் சுற்றுகிறது என்று பொருள். கேபிள் டிவி வயரை டிவியிலிருந்து ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள்; பல வீடுகளில் உறுமல் அப்போதே நின்றுவிடும். ஆப்டிக்கல் கேபிளில் ஒளிதான் போகிறது, உலோகத் தொடர்பு இல்லை. அதனால் ஒலியை அதில் கொண்டுபோனால், பிளேயருக்கும் ரிசீவருக்கும் நடுவே இந்தச் சுற்று அறுந்துவிடும்.

எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பிளேயர்

டிவிடிக்குப் பின் வந்த உயர்தரத் தட்டு புளூ-ரே. அதன் பிளேயர்களின் பின்பக்கம் காலியானது தற்செயல் அல்ல. அவற்றின் நகல் பாதுகாப்பு உரிம விதிப்படி, 2011 தொடக்கத்திலிருந்து செய்த பிளேயர்களில் அனலாக் வழியாகப் போகும் பாதுகாக்கப்பட்ட படம் பழைய டிவிடி தரத்துக்குக் குறைக்கப்பட்டது. 2013-க்குப் பிறகு செய்தவற்றில் அந்த அவுட்டே கூடாது என்றாகிவிட்டது. ஆகவே கொஞ்சம் புதிய புளூ-ரே பிளேயரைப் படக்குழாய் டிவியில் நேரடியாகச் செருக வழியில்லை.

இதற்குத் தீர்வு இரண்டு. எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவிக்கு மாற்றும் பெட்டி ஒன்று. பழைய டிவிடி பிளேயர் ஒன்றைத் தேடிப் பிடிப்பது இன்னொன்று. உங்களிடம் இருப்பவை டிவிடியும் சிடியும் மட்டும் என்றால் இரண்டாவதே மேல். டிவிடியில் உள்ள படமே 720-க்கு 480 அல்லது 720-க்கு 576 புள்ளிதான். பழைய டிவியும் அதற்காகவே செய்தது. நடுவில் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. புளூ-ரே தட்டுகள் கையில் இருந்தால் மட்டும் மாற்றிப் பெட்டி. திரையில் தெரிவது அப்போதும் பழைய தரம்தான்.

மாற்றிப் பெட்டி வாங்கும்போது திசையைப் பாருங்கள். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றுவதும் ஏறக்குறைய அதே உருவத்தில்தான் இருக்கும். ஒன்றை இன்னொன்றாகப் பயன்படுத்த முடியாது. வெறும் கேபிள் வடிவில் ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை மூன்று வண்ணம் என்று வருவதை நம்பாதீர்கள். உள்ளே மாற்றும் சில்லு இல்லாவிட்டால் அது எதையும் மாற்றாது. சரியான பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், பெரும்பாலும் யுஎஸ்பி வழியாக. அதிலிருந்து வரும் மஞ்சளை டிவிக்கும், வெள்ளை சிவப்பை ரிசீவருக்கும் கொடுத்தால் மறுபடி நம் இரண்டாவது வழிதான். இங்கேயும் பிளேயரின் எச்டிஎம்ஐ ஒலியைப் பிசிஎம் என்று வைக்க வேண்டும்.

இணைத்த பிறகு

கேபிள் செருகும்போது எல்லாப் பெட்டிகளையும் அணைத்துவிட்டு, ரிசீவர் வால்யூமைக் கீழே இறக்கி வையுங்கள். டிவிடியின் ஒலி சினிமாவுக்கென்று அளந்து பதிந்தது. ரேடியோவைவிடச் சன்னமாக இருக்கும், குமிழை வழக்கத்தைவிட அதிகம் திருப்புவீர்கள். பிறகு அப்படியே ரேடியோவுக்கு மாறினால் வீடே அதிரும். வசனம் மெலிதாகவும் வெடிச்சத்தம் பெரிதாகவும் இருப்பது பிடிக்கவில்லையா? மெனுவில் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் டிஆர்சி அல்லது நைட் மோட் இருந்தால் போடுங்கள்.

ஆட்கள் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிந்தால் பிளேயர் தனக்கு 16:9 அகலத்திரை டிவி கிடைத்திருப்பதாக நினைக்கிறது. மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு காட்டும் 4:3 லெட்டர்பாக்ஸ் என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகவோ மேலே மேலே ஓடிக்கொண்டோ இருந்தால் பால், என்டிஎஸ்சி என்னும் இரண்டு டிவி முறைகளில் பிளேயரும் டிவியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

கம்போனென்ட் போட்டவர்கள் கவனிக்க: ரிமோட்டில் புரோகிரசிவ் என்று ஒரு பொத்தான் இருக்கலாம். படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக (இன்டர்லேஸ்) அனுப்பாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பும் முறை அது. பழைய டிவிகள் பலவற்றுக்கு அந்த முறை புரியாது. தெரியாமல் அழுத்திவிட்டால் திரை கிழிந்ததுபோல் ஆகும், அல்லது இருண்டுவிடும். மெனுவே தெரியாதபோது அமைப்பை எப்படி மாற்றுவது? மஞ்சள் கேபிளைத் தற்காலிகமாக டிவியில் செருகுங்கள். பல பிளேயர்களில் அதில் படம் வந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து மெனுவுக்குள் போய் இன்டர்லேஸ் என்று திருப்பிவிட்டு, பழையபடி கம்போனென்டுக்கு வாருங்கள்.

ஸ்பீக்கர்களைப் படக்குழாய் டிவியை ஒட்டி வைக்காதீர்கள். ஸ்டீரியோ ஸ்பீக்கர்கள் பலவற்றில் காந்தத்துக்கு மறைப்பு இருக்காது. திரையின் ஓரத்தில் பச்சையாகவோ ஊதாவாகவோ கறை படரும். இரண்டு அடி தள்ளி வைத்து, டிவியைச் சிறிது நேரம் அணைத்துவிட்டுப் போடுங்கள். பெரும்பாலான டிவிகள் குளிர்ந்த நிலையிலிருந்து ஆன் ஆகும்போது தம் திரையின் காந்தத்தைத் தாமே நீக்கிக்கொள்ளும். கறை ஒரேயடியாகப் போகவில்லை என்றால் இரண்டு மூன்று முறை இடைவெளி விட்டுச் செய்தால் போதும்.